மொட்டை மாடியில் இரண்டு டம்பெல்: 16 வாரம் செய்த சர்க்யூட் பயிற்சி

#1 தண்டையார்பேட்டை_மாடி

எல்லோருக்கும் வணக்கம். வயது 41. சென்னை தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி வீடு. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற பில்லிங் வேலை. பொங்கல் முடிந்த வாரத்தில் ஆரம்பித்து சித்திரை முடிவு வரை, வாரத்துக்கு மூன்று நாள், மொட்டை மாடியில் டம்பெல் சர்க்யூட் செய்தேன், அதாவது சில பயிற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுச் சுற்றாக. எடை 82-லிருந்து 77 ஆனது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இடுப்பளவு: 98 சென்டிமீட்டர் இருந்தது இப்போது 91. நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், பெண்களுக்கு 80. இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி.

சாமான் அதிகம் இல்லை. பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் இரண்டு ராடும் கழற்றி மாட்டும் தட்டுகளும் வாங்கினேன். உள்ளே சிமெண்ட் அடைத்த பிளாஸ்டிக் தட்டுதான், அதுவே போதும். இந்த மாதிரி ராடில் திருகு தானாகத் தளரும். கையை மேலே தூக்கியிருக்கும்போது தட்டு கழன்றால் தலையில்தான் விழும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, தட்டுக்கும் திருகுக்கும் நடுவில் ஒன்று போட்டு இறுக்குங்கள், அசையாது. அப்படியும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரண்டு பக்கமும் கையால் ஒரு திருகு திருகிப் பார்க்கிறேன்.

நான் செய்வது ஆறே ஆறு வேலை. ஒரு டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்குவாட், அதாவது எடையோடு பஸ்கி. அப்புறம் தண்டால். குனிந்து நின்று இரண்டு டம்பெல்லையும் விலாவுக்கு இழுக்கும் ரோ. தோளுக்கு மேலே தூக்கும் பிரஸ். முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கி எடையை இறக்கி ஏற்றும் ரோமானியன் டெட்லிஃப்ட். கடைசியாக இரண்டு கையிலும் எடையைத் தொங்கவிட்டு மாடியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நான்கு நடை. நடையைத் தவிர மற்றது ஒவ்வொன்றும் 10 தடவை. ஆறும் முடிந்தால் ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று, இப்போது நான்கு. ஒரு கைக்கு 5 கிலோவில் தொடங்கினேன். இன்று ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்டுக்கும் 10, பிரஸ்ஸுக்கு 7 கிலோ.

இந்த விவாத இழையைத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜிம்மில் இதே சர்க்யூட்டைச் செய்து முதுகைக் கெடுத்துக்கொண்டேன். 45 நொடிக்கு ஒரு விசில், 15 நொடிக்கு ஒரு விசில், நடுவில் யாரும் நிற்கக் கூடாது. மூன்றாவது சுற்றில் குனிந்து எடையை எடுக்கும்போது முதுகு வில்லாக வளைந்தது. எனக்கே தெரிந்தது, ஆனாலும் விசிலுக்குப் பயந்து தொடர்ந்தேன். இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் சுருக்கென்று பிடித்தது. மூன்று வாரம் குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியவில்லை. அதனால் இந்தத் தடவை கடிகாரத்தைக் கீழே வீட்டிலேயே வைத்துவிட்டேன். எண்ணிக்கை மட்டும்தான். 10 ஆனதும் டம்பெல்லைக் கீழே வைப்பேன். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச வருகிற வரை நிற்பேன். அப்புறம்தான் அடுத்தது. மாடிக்குப் போய் வந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், முதல் மாதம் ஒரு சுற்றுக்கு 11 நிமிடம் வரை ஆனது, இப்போது 7 நிமிடத்தில் முடிகிறது. நான் அவசரப்படவே இல்லை, மூச்சு சீக்கிரம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: முதல் எட்டு வாரம் நேரம் பார்க்காதீர்கள்.

#2 வியாசர்பாடி_7

அண்ணா, உங்கள் முயற்சிக்கு மரியாதை. ஆனால் ஓய்வு இவ்வளவு எடுத்தால் அது சர்க்யூட்டே இல்லையே? நிற்காமல் செய்தால்தான் இதயத் துடிப்பு ஏறும், கொழுப்பு கரையும். நான் 40 நொடி வேலை, 20 நொடி ஓய்வு, 30 நிமிடம் செய்கிறேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். வாட்ச் 800 கலோரி என்று காட்டுகிறது. காலையில் பந்து விளையாடிவிட்டு வந்து இதையும் செய்கிறேன்.

#3 தண்டையார்பேட்டை_மாடி

தம்பி, நீங்கள் வருடக்கணக்கில் பந்து ஆடுகிறவர், உங்கள் காலும் நுரையீரலும் வேறு. நாற்பது வயதில் நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். இருந்தாலும் அந்த 800-ஐ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அதிகம் நிற்காமல் செய்யும் தீவிரமான சர்க்யூட்டுக்கு உடற்பயிற்சி அறிவியலில் சுமார் 8 மெட் என்று வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். மெட்டை உடல் எடையாலும் மணிக்கணக்காலும் பெருக்கினால் கலோரி வரும். 80 கிலோ ஆள் 25 நிமிடம் செய்தால் சுமார் 265. அந்த 25 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 33 செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் பயிற்சியால் வந்த லாபம் 230 சொச்சம். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 700. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி. அப்படியென்றால் பயிற்சியை மட்டும் நம்பினால் ஒரு கிலோ இறங்கப் பதினொரு வாரம். நான் ஓய்வு எடுத்துச் செய்வதால் எனக்கு அதைவிடவும் குறைவாகத்தான் போயிருக்கும். உங்கள் 30 நிமிடமும் 800 கிட்ட வராது. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்தது.

என் 5 கிலோவில் பெரும்பகுதி இறங்கியது சாப்பாட்டுத் தட்டில்தான். தினம் சுமார் 300 கலோரி குறைத்தேன். சாயங்காலம் பஜ்ஜியை நிறுத்தினேன், டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன். அது வாரத்துக்கு 2100. பயிற்சியின் 700-ஐச் சேர்த்தால் 2800. அப்போது ஒரு கிலோவுக்கு மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் குறைவு. காகிதத்தில் 16 வாரத்துக்கு 5.8 கிலோ வரும், எனக்கு 5 வந்தது. நடுவில் ஒரு கல்யாணம், இரண்டு திருவிழா.

அப்படியானால் டம்பெல் எதற்கு என்று கேட்பீர்கள். பட்டினி மட்டும் கிடந்தால் கொழுப்போடு சதையும் சேர்ந்து போகும். எடையைத் தூக்கினால் சதையை வைத்துக்கொள்ளச் சொல்லி உடம்புக்குச் சேதி போகிறது. அதனால்தான் வியர்வையைவிடத் தூக்கிய எடையை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வியர்வையில் போவது தண்ணீர். நம் ஊரில் மே மாதம் ஈரக்காற்றில் வியர்வை காயாது, சும்மா நின்றாலே சட்டை நனையும்.

#4 பழைய_ராயபுரம்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு 63 வயது. சின்ன வயதில் பரம்பரைக் குத்துச்சண்டை வாத்தியாரிடம் கற்றவன். அப்போது எங்களுக்கு டம்பெல் கிடையாது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, மணல் மூட்டை, கயிறு. எல்லாம் வட்டமாக ஒன்றன்பின் ஒன்று. ரிங்கில் 3 நிமிடம் அடி, 1 நிமிடம் மூச்சு. பயிற்சியும் அதே அளவில்தான். இன்றைக்கு நீங்கள் சர்க்யூட் என்று சொல்வதை வெள்ளைக்காரர்கள் முறைப்படுத்தியது 1953-இல். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர். 9 முதல் 12 பயிற்சிகள், நடுத்தர எடை, சின்ன ஓய்வு. எங்கள் வாத்தியார் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் ஒன்று. வாத்தியார் எங்களுக்குக் கடிகாரத்தைக் காட்டியது ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை கால் எங்கே, முழங்கை எங்கே, தாடை எங்கே என்பதுதான் பாடம். தண்டாலில் இடுப்பு தொங்கினால் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார். இருபது எடுத்திருப்போம், "எட்டு" என்பார். வியாசர்பாடித் தம்பி, உங்கள் முப்பது நிமிடத்தில் வாத்தியார் எத்தனையை எண்ணுவார் என்று ஒரு நாள் யாரையாவது பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

மாடியில் செய்வது நல்லதுதான். 2011-இல் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் முன்பு எங்கள் மாடியில் பாய் விரித்துப் படுத்தால் காலையில் பாய் கறுத்திருக்கும். மூக்கைச் சிந்தினால் கரி. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் கண்டெய்னர் லாரி ஓடும் சாலையைப் பார்த்த மாடியாக இருந்தால், வண்டி வரிசை கட்டாத நேரமாகப் பாருங்கள். ஆழ மூச்சு இழுக்கிற வேலை இது.

#5 காலடிப்பேட்டை_அக்கா

இதுவரை இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி. எனக்கு 36. இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். சின்னவளுக்கு நான்கு வயது. எங்கள் வீட்டில் பத்துக்குப் பத்து ஒரே அறை, மாடிக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். 2 கிலோ டம்பெல் ஒரு ஜோடி இருக்கிறது. இதை வைத்துச் செய்யலாமா? கனமாகத் தூக்கினால் கை ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று என் நாத்தனார் சொல்கிறார். வயிறு மட்டும் குறைய என்ன செய்ய வேண்டும்? கீழ் வீட்டில் வயதானவர் இருக்கிறார், சத்தம் கேட்டால் சண்டைக்கு வருவார்.

#6 தண்டையார்பேட்டை_மாடி

அக்கா, எழுதியதற்கு ரொம்ப நன்றி. முதலில் கை விஷயம். ஆண்களுக்குத் தசை பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவாகத்தான் சுரக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் டம்பெல் தூக்கி யாருக்கும் அப்படி ஆகாது. கை உறுதியாகும், எலும்புக்கும் நல்லது.

நீங்கள் 2 கிலோவைக் கனம் என்று நினைக்கிறீர்கள். லாரித் தண்ணீர் வரும் நாளில் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்து எத்தனை நடை நடந்திருப்பீர்கள்? ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 15 கிலோ. ஒரு பக்கமாகவே அதைச் சுமந்து படியேறுகிற உடம்புக்கு 2 கிலோ காலுக்குப் போதவே போதாது. தோளுக்குச் சரி. ஸ்குவாட்டுக்கு வீட்டில் இருக்கும் 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். நடைக்கு இரண்டு கையிலும் பாதித் தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட கேன், பத்தடி அறையில் இங்கும் அங்கும்.

வயிற்றில் மட்டும் கொழுப்பைக் குறைக்கிற பயிற்சி எதுவும் இல்லை. உடம்பு எங்கிருந்து எடுக்கிறது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. எனக்கு முதலில் முகம், அப்புறம் மார்பு, கடைசியில்தான் வயிறு.

சத்தத்துக்கு: கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் எடையை வையுங்கள். கீழே விடாதீர்கள், வையுங்கள். குதிக்கிற பயிற்சி எதுவும் இந்த ஆறில் இல்லை, அதனால் கீழ் வீட்டுக்குத் தெரியாது.

தண்டால் தரையில் வரவில்லை என்றால் சுவரில் கை வைத்துத் தொடங்கி, பிறகு சமையல் மேடை, பிறகு கட்டில் விளிம்பு என்று இறங்குங்கள். ஆபரேஷன் பற்றி நான் சொல்லக் கூடாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#7 பெரம்பூர்_பிசியோ

சொல்கிறேன். அக்கா, மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ, நடுவில் கூம்பு மாதிரி புடைத்து வந்தாலோ வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது படுத்து எழும் பயிற்சி, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தும் நீண்ட பிளாங்க் இரண்டும் வேண்டாம், ஒரு பிசியோவை நேரில் பாருங்கள். தும்மினால் சிறுநீர் கசிந்தாலும் அப்படியே. வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது, சரியாகிறது.

மற்ற எல்லோருக்கும் இரண்டு விஷயம். எடையைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் ரத்த அழுத்தம் அந்த நொடியில் எகிறும். கஷ்டமான பாதியில் மூச்சை விட வேண்டும், எளிதான பாதியில் இழுக்க வேண்டும். பிரஷர் 180/110-க்கு மேல் நிற்கிறவர்கள் மருந்தில் அதை அடக்கிய பிறகே வாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றுப் பயிற்சியில் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். குளுக்கோஸோ நாலு மிட்டாயோ பக்கத்தில் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே வாயில் போடுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் அந்தச் சுற்றை முடிக்க நினைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதுகு பிடித்த கதைக்கு வருகிறேன். ரோவும் ரோமானியன் டெட்லிஃப்டும் இடுப்பில் மடங்கிச் செய்யும் வேலை. நாம் பழக்கத்தில் முதுகை மடக்குகிறோம். இதைக் கற்றுக்கொள்ள ஒரு சுவரும் ஒரு துடைப்பக் கட்டையும் போதும். சுவருக்கு முதுகு காட்டி, ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். கட்டையை முதுகுத்தண்டு நெடுக வைத்து ஒரு கையால் கழுத்துக்குப் பின்னும், இன்னொரு கையால் இடுப்புக்குப் பின்னும் பிடியுங்கள். பின்னந்தலை, இரு தோள்பட்டைக்கு நடு, வால் எலும்பு, மூன்றும் கட்டையில் படவேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்திக்கொண்டு, கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவீர்களே அந்த மாதிரி, பின்பக்கத்தைச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். சுவர் தொட்டதும் திரும்புங்கள். தொடைக்குப் பின்னால் கயிறு இழுப்பது போல இருந்தால் சரி. மூன்றில் ஒரு இடம் கட்டையை விட்டுப் பிரிந்தால் முதுகு வளைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றும் தொட முடிந்த பிறகு டம்பெல்லை எடுங்கள். எடை தொடையையும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பையும் உரசிக்கொண்டே இறங்கவேண்டும். காலை விட்டு அரை அடி முன்னால் போனாலே அந்த 10 கிலோ முதுகுக்குக் கூடுதல் பாரமாகிறது.

வியாசர்பாடித் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். நேரம் வைத்துச் செய்வதும் நல்ல முறைதான். ஆனால் களைத்த பிறகு இந்த இரண்டு பயிற்சியில்தான் முறை முதலில் கெடும். அதனால் இவற்றைச் சுற்றின் தொடக்கத்தில் வையுங்கள். இழை தொடங்கியவருக்கும் இதையேதான் சொல்வேன். நீங்கள் டெட்லிஃப்டை ஐந்தாவதாக வைத்திருக்கிறீர்கள், அதை முதலுக்குக் கொண்டுவாருங்கள்.

#8 தண்டையார்பேட்டை_மாடி

நன்றி சார். 16 வாரமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து டெட்லிஃப்ட் முதல், ரோ இரண்டாவது.

#9 ஹார்பர்_நைட்ஷிப்ட்

ராத்திரி 10 முதல் காலை 6 வரை வேலை, பெரும்பாலும் நின்றுகொண்டே. எப்போது செய்வது? வேலை முடிந்து வந்ததும் செய்தால் தூக்கம் வரவில்லை.

#10 பழைய_ராயபுரம்

தூங்கி எழுந்து சாயங்காலம் செய்யுங்கள், வெயில் தாழ்ந்து ஐந்தரை மணிக்கு. எழுந்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். ராத்திரிக் கண்விழித்து வந்த உடம்பில் எடை தூக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் போதும். உலக சுகாதார நிறுவனமும் தசைப் பயிற்சிக்கு வாரத்துக்கு இரண்டு நாளாவது என்றுதான் சொல்கிறது.

#11 காசிமேட்டு_நெத்திலி

சாப்பாட்டைப் பற்றி மாடி அண்ணன் குறைத்ததை மட்டும் சொன்னார், கூட்டியதைச் சொல்லவில்லை. புரதம் வேண்டாமா? சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்கிறது. எடையும் தூக்கி, சாப்பாட்டையும் குறைத்தால் 1.2 முதல் 1.6 வரை நல்லது. 77 கிலோவுக்கு 90 கிராமுக்கு மேல். அதற்காக மாதம் மூவாயிரம் கொடுத்து டப்பா வாங்கத் தேவையில்லை. காசிமேட்டில் காலையில் போனால் நெத்திலி, மத்தி மலிவாகக் கிடைக்கிறது. 100 கிராம் மீனில் 18, 20 கிராம் புரதம். முட்டைக்கு 6. மீன் சாப்பிடாதவர்கள் சோயா உருண்டை 50 கிராம் ஊறவைத்தால் 25 வந்துவிடும், சுண்டலும் கைகொடுக்கும். ஒரே விஷயம், மீனை எண்ணெயில் முக்கிப் பொரித்தால் நீங்கள் குறைத்த 300 திரும்ப வந்துவிடும். குழம்பு வையுங்கள், இல்லை தவாவில் ஒரு கரண்டி எண்ணெயில் புரட்டுங்கள். நான் பத்து வருடமாக மீன் விற்கிறேன், ஐஸில் மூன்று நாள் கிடந்த வஞ்சிரத்தைவிட அன்று வந்த நெத்திலி எவ்வளவோ மேல்.

#12 வியாசர்பாடி_7

பெரியவர் சொன்னபடி நேற்று நண்பனை விட்டு போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். முதல் சுற்று நன்றாக இருக்கிறது. நான்காவது சுற்றில் ரோ செய்யும்போது என் முதுகு வளைந்து, டம்பெல் வெறுமனே ஆடுகிறது. 40 நொடியில் 22 எடுத்திருக்கிறேன். உருப்படியாக இருந்தது 9. தண்டாலில் மார்பு பாதிதான் இறங்குகிறது.

நேரத்தை நான் விடமாட்டேன் அண்ணா, ஆட்டத்துக்கு எனக்கு அந்த மூச்சு தேவை. ஆனால் ரோ, டெட்லிஃப்ட் இரண்டையும் எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டேன். 6 கிலோ இருந்ததை 9 ஆக்கி 10 தடவை, இறக்கும்போது மூன்று எண்ணுகிறேன். மற்ற நான்கும் கடிகாரத்தில். இன்று தொடைக்குப் பின்னால் இதுவரை வலிக்காத இடத்தில் வலிக்கிறது.

#13 தண்டையார்பேட்டை_மாடி

அது நல்ல வலிதான் தம்பி, இரண்டு நாளில் போய்விடும். மூட்டிலோ முதுகெலும்பிலோ வலித்தால் மட்டும் நிறுத்துங்கள். நீங்கள் பிரித்த விதம் எனக்கும் பிடித்திருக்கிறது.

நோட்டு வைத்திருக்கிறீர்களா? நான் 40 பக்க நோட்டு ஒன்றில் தேதி, எடை, சுற்று, எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுகிறேன். பத்தும் சுத்தமாக நான்கு சுற்றும் வந்தால் அடுத்த வாரம் ஒரு கிலோ கூட்டுவேன், வராவிட்டால் அதே எடைதான். ஆறாவது வாரம் தராசு அசையவே இல்லை. அன்று நோட்டைப் புரட்டினால் ஸ்குவாட் 5-லிருந்து 8 ஆகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் விடாமல் செய்தேன்.

#14 காலடிப்பேட்டை_அக்கா

மூன்று வாரம் ஆயிற்று. பிசியோ தம்பி சொன்ன மாதிரி விரல் வைத்துப் பார்த்தேன், ஒன்றரை விரல்தான். ஆனாலும் படுத்து எழுவதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு செவ்வாய், வியாழன், சனி செய்கிறேன். என் நோட்டிலிருந்து எழுதுகிறேன்:

முதல் நாள், சுற்று 1 மட்டும். சுவர்த் தண்டால் 8. அரிசிப் பை 5 கிலோ, 6 தடவை. மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாவது நாள், சுற்று 2. சுவர்த் தண்டால் 10. அரிசிப் பை 10 தடவை. துடைப்பக் கட்டை இப்போது மூன்று இடத்திலும் படுகிறது.

நேற்று, ஒன்பதாவது நாள். சுற்று 3. சமையல் மேடையில் தண்டால் 7. அரிசி தீர்ந்து போனதால் 10 கிலோ புதுப் பை வந்தது, அதையே தூக்கினேன், 8 தடவை. எடை அரைக் கிலோ குறைந்திருக்கிறது. கீழ் வீட்டுத் தாத்தாவுக்கு இன்னும் தெரியாது. நாத்தனார் வந்து அந்த 2 கிலோ ஜோடியைக் கேட்கிறார், கொடுத்துவிட்டேன். எனக்குப் பெரியமேட்டில் 4 கிலோ வரை மாட்டுகிற ராடு வாங்கவேண்டும். சைக்கிள் டியூப் எத்தனை விரல் அகலத்துக்கு வெட்டவேண்டும்?

#15 தண்டையார்பேட்டை_மாடி

ஒரு விரல் அகலம் அக்கா. ராடைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும், தளர்வாக இருந்தால் பிடிக்காது. பஞ்சர் கடையில் பழைய டியூப் சும்மாவே தருவார்கள்.